கிரில் கம்பியில் ஒரு பூ

1996ஆம் ஆண்டு, உலகிலேயே உயரமான கட்டடம் எது என்று ஒரு சர்ச்சை நடந்தது. ஒரு பக்கம் சிகாகோவின் சியர்ஸ் கோபுரம். 1974இலிருந்து அந்தப் பட்டம் அதனிடம்தான் இருந்தது. மறுபக்கம் கோலாலம்பூரில் எழும்பிக்கொண்டிருந்த பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். சியர்ஸின் கூரை 442 மீட்டர். பெட்ரோனாஸின் உச்சி 452 மீட்டர். ஆனால் அந்த 452இல் 70 மீட்டருக்கும் மேல் வெறும் ஊசிமுனை. அங்கே அலுவலகம் கிடையாது, யாரும் ஏறி நின்று ஊரைப் பார்ப்பதும் கிடையாது. மனிதர்கள் புழங்கும் மேல்மாடியை வைத்து அளந்தால் சியர்ஸ்தான் உயரம். சியர்ஸின் கூரைமேல் நிற்கும் ஆன்டெனாக்களையும் சேர்த்து அளந்தால் அது 500 மீட்டரைத் தாண்டிவிடும்.

உயரமான கட்டடங்களை மதிப்பிடும் பன்னாட்டு மன்றம் பட்டத்தைப் பெட்ரோனாஸுக்குக் கொடுத்தது. ஊசிமுனை கட்டடத்தின் வடிவமைப்பிலேயே அடங்கியது, அதனால் கணக்கில் சேரும். ஆன்டெனா மேலே பொருத்திய கருவி, அதனால் சேராது. இதுதான் விதி. சிகாகோவில் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு மன்றம் உயரத்தையே நான்கு வகையாகப் பிரித்தது: வடிவமைப்பின் உச்சி, ஆட்கள் புழங்கும் மேல்தளம், கூரை, ஆன்டெனாவின் நுனி. பெட்ரோனாஸுக்கு முதல் வகை மட்டும்தான். ஆனாலும் உலகம் அந்த முதல் வகையைத்தான் ‘உயரம்’ என்று எடுத்துக்கொண்டது.

பொறியியல் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “அப்போ கூரையில ஒரு குச்சிய நட்டா போதுமா?” என்று கேட்பார்கள். வேலை செய்கிற ஆன்டெனாவுக்கு மதிப்பில்லை, வேலை செய்யாத ஊசிக்கு மதிப்பு. ஊசியின் மேல் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு இருக்கிறது என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அதற்கு ஒரு கம்பம் போதும். எங்கள் படிப்பில் சொல்லாமலேயே சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு: வேலை செய்வது உண்மை, அலங்காரம் அதன்மேல் பூசிய பூச்சு. காசு இருந்தால் பூசலாம், இல்லாவிட்டால் சுரண்டிவிடலாம். இந்தப் பாடம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பாடத்தை உரக்கச் சொன்னவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ். 1910ஐ ஒட்டி அவர் ஆற்றிய ‘அலங்காரமும் குற்றமும்’ என்ற உரை நவீனக் கட்டடக்கலையின் வேதம்போல ஆகிவிட்டது. அன்றாடப் பொருள்களிலிருந்து அலங்காரம் உதிர்ந்துகொண்டே போவதுதான் பண்பாட்டு வளர்ச்சி என்பது அவர் வாதம். பப்புவா மனிதன் பச்சை குத்திக்கொண்டால் அது அவனுக்கு இயல்பு, நவீன மனிதன் குத்திக்கொண்டால் அவன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்றும் அதில் வருகிறது.

இதை மலேசியாவில் இருந்துகொண்டு வாசிக்கும்போது சரவாக்கின் இபான் மக்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வீட்டைவிட்டுத் தொலைதூரப் பயணம் போகும் பருவத்தை அடைந்த இபான் இளைஞன் இரண்டு தோள்களிலும் ‘புங்காய் தெரோங்’ என்ற கத்தரிப்பூவைக் குத்திக்கொள்வான். பூவின் நடுவில் ஒரு சுருள், உயிரின் இழை. அதன் பிறகு அவன் போன இடங்கள், செய்த காரியங்கள் ஒவ்வொன்றாக உடம்பில் சேரும். அந்தத் தோலை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு வாழ்க்கை வரலாறு. லூஸுக்கு அந்த எழுத்து தெரியாது. தெரியாத எழுத்தைக் கிறுக்கல் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் லூஸிடம் இன்னொரு வாதமும் உண்டு, அதை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. அலங்காரம் உழைப்பை விழுங்குகிறது, அலங்கார வேலை செய்பவனுக்குக் கிடைக்கும் கூலியோ அற்பம் என்றார் அவர். அந்த வாதத்துக்குப் பின்னால் வருகிறேன்.

லூஸுக்கு எதிர்த்தரப்பு நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறது. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று தொடங்கும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். மெட்டி போட்டால் கர்ப்பப்பை நரம்பு தூண்டப்படும். அரிசிமாவுக் கோலம் எறும்புக்குச் சாப்பாடு. கோபுரக் கலசம் இடிதாங்கி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு ‘அறிவியல் காரணம்’ கண்டுபிடித்துத் தரப்படுகிறது.

கலசத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடிதாங்கி என்பது உச்சியில் நிற்கும் உலோக முனை மட்டும் கிடையாது. அந்த முனையிலிருந்து தரைக்குள் இறங்கும் கடத்தி வேண்டும், தரையில் புதைத்த மின்முனை வேண்டும், நடுவில் எங்கும் அறுபடாத தொடர்ச்சி வேண்டும். செங்கல்லும் சுதையுமான ஒரு கோபுரத்தின் தலையில் செம்புக் கலசத்தை மட்டும் வைத்தால் மின்னல் இறங்கிப் போக வழியே இல்லை. மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கலசத்தை நம்பி இடிதாங்கி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கலசம் இருந்தாலும் தனியாக இடிதாங்கி போடவேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் செய்தி பொய் என்பதைவிட, அது யாரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்பது. கலசம் அழகாக இருக்கிறது, வானத்துக்கு முன்னால் கோபுரம் முடியும் இடத்தை அது காட்டுகிறது, அதைப் பார்த்ததும் கை தானாகக் கூப்புகிறது. இது போதாது என்று நாமே முடிவு செய்துவிட்டோம். ஒரு பொருள் இருப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டைப் ‘பயன்’ என்ற அலுவலகம் மட்டுமே கொடுக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். லூஸ் சீட்டில்லாத பொருளை வெளியே தள்ளுகிறார். வாட்ஸ்அப் தாத்தா போலிச் சீட்டு அச்சடிக்கிறார். இரண்டு பேரும் வரிசையில் நிற்பது ஒரே கவுண்டரில்.

அந்தக் கவுண்டரையே கேள்வி கேட்கலாம். பயன் உண்மையிலேயே ஒரு பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறதா?

நம்முடைய வீட்டு வாசல் கிரில்லைப் பாருங்கள். திருடன் உள்ளே வரக்கூடாது, காற்று வரவேண்டும். இதுதான் அதன் வேலை. இந்த வேலை என்னென்ன நிபந்தனை விதிக்கிறது? கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் தலை நுழையக்கூடாது. கம்பி கையால் வளைக்க முடியாத அளவு தடிப்பாக இருக்க வேண்டும். பற்றவைத்த இடம் விட்டுப்போகக்கூடாது. அவ்வளவுதான். நேராக நிறுத்திய கம்பிகளும் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும். விசிறிபோல விரிந்த கம்பிகளும் நிறைவேற்றும். பழைய தாமான்களில் 60களிலும் 70களிலும் கட்டிய வரிசை வீடுகளைப் பார்த்தால் தெரியும்: சூரியக் கதிர், பட்டாம்பூச்சி, நாலிதழ்ப் பூ, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். திருடனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பொறியியல் கணக்கு போட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதுமை இல்லை. எங்கள் கணக்குகள் பெரும்பாலும் சமன்பாட்டில் முடிவதில்லை, சமனின்மையில் முடிகின்றன. தகைவு இந்த அளவைத் தாண்டக்கூடாது. தொய்வு இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் வரும் விடைகள் ஏராளம். செலவு, கிடைக்கும் பொருள், வேலையாளின் திறமை ஆகியவை அவற்றில் பலவற்றை அடித்துவிடும். அதற்குப் பிறகும் ஒன்றுக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்ச இடத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நேர்க்கம்பியும் அப்படி ஒரு தேர்வுதான். அதைப் பயன் தேர்ந்தெடுக்கவில்லை, நாம்தான் தேர்ந்தெடுத்தோம். “வேற என்ன செய்யறது, இதுதான் ஃபங்ஷனல்” என்று சொல்லும்போது தேர்ந்தெடுத்தவர் தன் கையை மறைத்துக்கொள்கிறார்.

மலாய் மரவீடுகளில் ‘தெபுக் தெம்புஸ்’ என்று ஒரு செதுக்கு வேலை உண்டு. பலகையில் கொடியும் இலையுமாக ஊடுருவத் துளையிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே பொருத்துவார்கள். கொடிகளுக்கு நடுவே காற்று வரும், வெயில் துண்டு துண்டாக உள்ளே விழும். பினாங்கு, சிங்கப்பூர்க் கடைவீடுகளின் மேல்மாடிச் சுவர்களிலும் வடிவம் வடிவமாகக் காற்றுத் துளைகள் உண்டு. இங்கே எது பயன், எது அலங்காரம்? துளை பயன், துளையின் வடிவம் அலங்காரம் என்று பேச்சுக்குச் சொல்லலாம். ஆனால் வடிவம் இல்லாத துளையை யாராலும் போட முடியாது.

பயன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று நம்பியவர்களின் கட்டடங்களிலும் இதைப் பார்க்கலாம். வடிவம் பயனின் பின்னால் போகவேண்டும் என்ற புகழ்பெற்ற கருத்தை 1896இல் எழுதியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன். அதே ஆண்டு பஃபலோ நகரில் முடிந்த அவருடைய கேரன்டி கட்டடத்தின் முகப்பு முழுவதும் சுடுமண் பூவேலை. ஒரு சாண் இடம்கூட அவர் சும்மா விடவில்லை. லூஸ் வியன்னாவில் கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளம் வரியோடிய பளிங்கு. பளிங்கின் வரிகளை அவர் வரையவில்லை, மலை வரைந்தது, அதனால் அவர் கணக்கில் அது அலங்காரம் ஆகவில்லை. மேல்மாடிகள் இவ்வளவு மொட்டையாக இருக்கிறதே என்று நகராட்சி மல்லுக்கு நிற்க, கடைசியில் ஜன்னல்களில் பூத்தொட்டி வைக்க ஒத்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க்கின் சீக்ரம் கட்டடம். 1958இல் மீஸ் வான் டெர் ரோ கட்டியது. கண்ணாடிப் பெட்டி அலுவலகங்களுக்கெல்லாம் அது மூதாதை. எஃகுச் சட்டகம் கட்டடத்தைத் தாங்குவது வெளியே தெரியவேண்டும் என்பது மீஸின் நேர்மை. ஆனால் தீ விபத்தில் எஃகு தளர்ந்துவிடும் என்பதால் அதைக் கான்கிரீட்டுக்குள் பொதிய வேண்டும் என்றது நகரத்தின் விதி. என்ன செய்தார்? உள்ளே இருக்கும் எஃகைப் போலவே வெண்கலத்தில் செங்குத்தான ‘ஐ’ வடிவக் கம்பிகளைச் செய்து முகப்பு முழுக்க வெளியே பொருத்தினார். அவை கட்டடத்தின் எடையைத் தாங்குவதில்லை. தாங்குவதுபோலத் தெரிகின்றன. பயனை வெளியே காட்டுவதற்காகவே செய்த நகை அது. நகையே இல்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் கடைசியில் ஒரு நகையைத்தான் செய்துகொண்டது.

ஆகவே அலங்காரமா பயனா என்ற கேள்வி எனக்கு இப்போது பொருளற்றதாகத் தெரிகிறது. மிச்ச இடம் எப்போதும் இருக்கும். அதை யார், எதனால் நிரப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. இது அழகியல் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அறம் சார்ந்த கேள்வி.

இந்த இடத்தில் ஆனந்த குமாரசாமியைக் கேட்க வேண்டும். தந்தை யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்தவர், தாய் ஆங்கிலேயர். இலண்டனில் நிலவியல் படித்து, இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அறிவியல்காரர். பிறகுதான் கலைப் பக்கம் வந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்தார். 1939இல் ‘அலங்காரம்’ பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு சொல்லாராய்ச்சி. வடமொழியில் ‘அலம்’ என்றால் போதும் என்று பொருள். அலங்காரம் என்றால் போதுமானதாக ஆக்குவது. ஒரு பொருளோ ஆளோ தன் வேலைக்குத் தயாராகும்படி நிறைவு செய்வதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். தேவைக்கு மேல் ஒட்டுவது என்ற பொருள் பின்னால் வந்தது. பிற மொழிகளிலும் அலங்காரத்துக்கான சொற்கள் ஒரு காலத்தில் ஆயத்தப்படுத்துவதையே குறித்தன என்று காட்டினார்.

தமிழில் இது இன்னும் வெளிப்படை. நகையும் அணி, படை வரிசையும் அணி, செய்யுளின் உவமையும் அணி, கால்பந்து ஆடும் பதினொரு பேரும் அணி. அணிவது என்றால் உடுத்துவது. ஆயுதம் பூட்டிய வீரனும் பூச்சூடிய பெண்ணும் தத்தம் காரியத்துக்கு ஆயத்தமாகிறார்கள்.

எந்தக் காரியத்துக்கு? கருவிக்கு ஒரு காரியம்தான். சுத்தியல் அடித்தால் போதும். மனிதனுக்கு அப்படி இல்லை. அவன் பிறக்கிறான், மணம் முடிக்கிறான், விருந்தாளியை வரவேற்கிறான், சாவு வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொன்றுக்கும் அவன் நிறைவு பெறவேண்டியிருக்கிறது. மனிதனைச் சுத்தியலாக மட்டும் பார்த்தால்தான் அலங்காரம் மிகையாகத் தெரியும்.

இதைச் சரித்திரத்தில் பார்க்க மலேசியத் தமிழர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தோட்டத்து லயத்து வீடுகள் இருந்தன. பால்மரம் வெட்டப் போகும் ஆள் இரவு படுத்து, காலையில் எழுந்து, பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அதற்கு என்ன தேவையோ அதை மட்டும் கணக்குப் பார்த்துக் கட்டிய வரிசை அறைகள். தூய பயன்பாட்டுக் கட்டடக்கலை என்றால் அதுதான். லூஸின் கொள்கையைப் படிக்காமலேயே தோட்ட நிர்வாகங்கள் அதைக் கட்டிவிட்டன. ஒரு மனிதனை உழைக்கும் கையாக மட்டும் கண்டவர்கள் அவனுக்குக் கட்டும் வீட்டில் மிச்ச இடம் எதுவும் இருக்காது.

அந்த வீட்டுக்குள் போனவர்கள் என்ன செய்தார்கள்? தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். காலண்டர் சாமி படத்தை வருஷம் முடிந்ததும் தேதியை வெட்டிவிட்டுச் சுவரில் வைத்துக்கொண்டார்கள். வாசல் மண்ணைச் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். பயனை நிர்வாகம் கொடுத்தது, அலங்காரத்தை அவர்களே செய்துகொண்டார்கள். அந்தத் தோரணத்துக்கு யாராவது ‘மாவிலை காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்று காரணம் சொன்னால் அது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகவே எனக்குப் படுகிறது. இங்கே வாழ்வது கருவிகள் அல்ல, ஒரு குடும்பம் என்று அந்த இலைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

சரி, இவ்வளவு உயர்வாகப் பேசிவிட்டோம். இப்போது லூஸின் அந்த இரண்டாவது வாதத்துக்கு வரவேண்டும். கோலத்திலிருந்தே தொடங்கலாம்.

இன்று அடுக்குமாடி வீடுகளின் வாசலில் பெரும்பாலும் ஸ்டிக்கர் கோலம்தான். கடையில் வாங்கி ஒட்டினால் தேயும்வரை இருக்கும். கோலத்தின் வேலை எறும்புக்குச் சோறு என்றால் ஸ்டிக்கர் தோற்றுவிட்டது. வாசலை அழகாகக் காட்டுவதுதான் வேலை என்றால் ஸ்டிக்கர் ஜெயித்துவிட்டது, கையால் போட்டதைவிடக் கோடு சுத்தமாகவே இருக்கும். ஆனாலும் ஸ்டிக்கர் கோலத்தைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று விட்டுப்போனதாகப் பலருக்கும் தோன்றுகிறது. விட்டுப்போனது ஒரு கை. இன்று காலை ஒருவர் இந்த வாசலில் குனிந்து, கொஞ்ச நேரத்தை இங்கே வைத்துவிட்டு எழுந்து போனார் என்ற செய்தி. அந்த நேரம்தான் கோலம், மாவு அதன் தடயம்.

இப்படிச் சொன்னதும் ஒரு பெண் என்னை மடக்கலாம். “யாரோட நேரம்?” விடியலில் எழுந்து குனிந்தவர் யார்? போடமாட்டேன் என்று சொல்ல அவருக்கு முடிந்ததா? மருமகள் வந்தால் வாசல் அவள் பொறுப்பு என்று எழுதாத சட்டம் இருந்த வீடுகளில் கோலம் ஒரு வேலைப் பட்டியலின் முதல் வரி. அவருக்கு ஸ்டிக்கர் விடுதலை. அதை இலக்கிய ஏக்கத்தோடு நாம் குறை சொல்லக்கூடாது. கோலம் பிடித்துப் போடும் பெண்களும் உண்டு, பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்துப் புள்ளியைக் கூட்டிக்கொண்ட போட்டிகளும் உண்டு. வாசலில் கிடக்கும் கோலத்தைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் போய்க் கேட்கவேண்டும்.

கோபுரத்துக்கும் இதே கேள்விதான். இங்கே ஒரு கோயிலில் திருப்பணி தொடங்கினால் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் தற்காலிக அனுமதியில் வருவது வழக்கம். மாதக்கணக்கில் சாரத்தின் மேல் உட்கார்ந்து, கம்பிவலை கட்டி, சிமெண்டுச் சுதை பூசி, ஒவ்வொரு யாளிக்கும் பல் வைப்பார்கள். தரையிலிருந்து யாருக்கும் தெரியாத யாளிக்கும் பல் இருக்கும். கும்பாபிஷேகம் முடிந்த பிறகு போய்ப் பாருங்கள். டியூப்லைட்டிலும் மின்விசிறியிலும் ‘உபயம்’ என்று பெயர் இருக்கும். பளிங்குக் கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். யாளிக்குப் பல் வைத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது.

குமாரசாமி பரம்பரைக் கைவினைச் சமூகத்தைப் பரிவோடு பார்த்தார். தன் வேலையைத் தியானம்போலச் செய்யும் கைவினைஞனை இயந்திரத் தொழிலாளியோடு ஒப்பிட்டு வருந்தினார். அந்த வருத்தம் நியாயம். ஆனால் பிறப்பால் தொழில் அமைந்த சமூகத்தில் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லும் வழி அந்தக் கைவினைஞனுக்கு இல்லை. லூஸ் இந்த இடத்தில் அவரைவிடக் கறாராகப் பார்த்தார். அலங்காரத்தைப் பார்க்கும்போது அதன் கூலியையும் பார் என்றார். அவருடைய தீர்வு தவறு: கூலி குறைவு என்றால் கூலியைக் கூட்டவேண்டும், பூவை வெட்டினால் அந்த ஆளுக்கு இருந்த வேலையும் போய்விடும். அவருடைய கேள்வி மட்டும் நிற்கிறது.

இரண்டையும் சேர்த்தால் எனக்குக் கிடைப்பது இது. ஓர் அலங்காரத்தின் முன் நிற்கும்போது ‘இதனால் என்ன பயன்’ என்பதைவிட நல்ல கேள்விகள் இரண்டு உண்டு. இதற்கு யார் நேரம் கொடுத்தார், மறுக்க அவரால் முடிந்ததா? இது யாருக்காகச் செய்யப்பட்டது, யாருக்கு இது கிடைக்காமல் போனது?

இரண்டாவது கேள்வி என் தொழிலுக்குள் தினமும் வருகிறது, ஆனால் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: வேல்யூ எஞ்சினியரிங். டெண்டர் விலை பட்ஜெட்டைத் தாண்டியதும் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எதை வெட்டலாம் என்று பார்க்கும் கூட்டம். “இது எடுத்துட்டா கட்டடம் விழுமா? விழாது. அப்போ எடுத்துடலாம்.” இப்படித்தான் போகும். ஒரே திட்டத்தில் கொண்டோவும் இருக்கும், அனுமதி நிபந்தனைக்காகக் கட்டும் மலிவுவிலை அடுக்குமாடியும் இருக்கும். மலிவுவிலைக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஆர்க்கிடெக்ட் வடிவம் போட்ட காற்றுக் கல் வைத்திருப்பார். அதை எடுத்துவிட்டு மொட்டைச் சாய்பலகை போட்டாலும் அதே காற்று வரும். கணக்குப்படி சரி. கொண்டோ வரவேற்பறையின் ஃபீச்சர் வால் பக்கம் வரும்போது மட்டும் பேச்சு மாறும். அது ‘மார்க்கெட்டிங்’. அதைத் தொட முடியாது.

இந்த முறையை 1940களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் உருவாக்கியவர் லாரன்ஸ் மைல்ஸ். அவர் இப்படிச் சொல்லவில்லை என்பது வேடிக்கை. ஒரு பொருளுக்கு இரண்டு வகை வேலைகள் உண்டு என்றார். ஒன்று பயன்படுவது, இன்னொன்று பயனாளிக்குப் பிடித்திருப்பது. பிடித்திருப்பதையும் அவர் வேலை என்றே கணக்கில் வைத்தார். அந்த இரண்டாவது வரி எங்கள் கூட்டங்களில் அழிந்துபோகவில்லை. கொண்டோ வாங்குபவருக்கு அது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் பிடிக்காவிட்டால் அவர் வேறு கொண்டோவுக்குப் போய்விடுவார். மலிவுவிலை வீட்டுக்காரருக்கு வேறு வீடு இல்லை. அவருக்குப் பிடித்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

காசு ஒன்றும் மரத்தில் காய்ப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கூரை ஒழுகாமல் இருப்பதும் லிஃப்ட் நிற்காமல் ஓடுவதும் காற்றுக் கல்லின் வடிவத்தைவிட முக்கியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பூச்செதுக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த மேசையில் நாங்கள் கணக்கு மட்டும் போடவில்லை. மிச்ச இடம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் தீர்மானித்தோம். அதைத் ‘தொழில்நுட்ப முடிவு’ என்று எழுதி வைத்தோம். வெட்டுவதாக இருந்தால் வெட்டலாம். வெட்டியது அலங்காரம்தானே என்று சொல்லக்கூடாது. ‘இங்கே குடியிருப்பவர்களுக்கு இது வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம்’ என்று கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் போதும், சில கற்கள் பிழைத்துவிடும்.

சாவி கொடுத்து ஒரு வருஷம் ஆன ஏதாவது ஒரு மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போய், ஒரு மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பாருங்கள். எங்கள் வரைபடத்தில் அந்த மாடியின் எல்லாக் கதவுக்கும் ஒரே குறியீடு: ‘டி1’. அங்கே ஒரு கதவின் மேல் அரபு எழுத்துப் பலகை. அடுத்ததில் சிவப்புத் துணி, ஊதுபத்திக் கிண்ணம். அதற்கடுத்ததில் பிளாஸ்டிக் மாவிலை, கீழே ஸ்டிக்கர் கோலம். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு கிரில். முதல் சம்பளத்திலோ கூட்டுப் பணத்திலோ போட்டது. ஒன்றில் வைரம், ஒன்றில் அலை, ஒன்றில் வெல்டிங் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வளைத்த ஒரு பூ. “நேர்க்கம்பிதான் சீப்பு” என்று அவர் சொல்லியிருப்பார். “பரவால்ல, பூ வையுங்க” என்று அந்த வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.